‘ப்’ மட்டும் என் மச்சானுடையது

அஞ்சாங்கிளாஸ் படித்தவன் என்னென்ன கட்டினான் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் சண்டைக்கு வருகிறேன்.

துறைமுகத்தில் மிஷின் இறக்குகிற மரப்பெட்டிகளை ஏலத்தில் எடுத்து, ஆணி ஆணியாகப் பிடுங்கி, அந்தப் பலகையில் ஸ்பீக்கர் பெட்டி கட்டினேன். எந்தத் தச்சனும் பக்கத்தில் நின்று சொல்லித் தரவில்லை. கிழிந்த ஸ்பீக்கருக்குக் கோன், அந்தக் காகிதக் கூம்பு, மாற்றப் பழகினேன். எப்படி? நல்ல ஸ்பீக்கர் ஒன்றைப் பிளேடால் அறுத்துப் பார்த்து. அப்போது என்னிடம் இருந்ததே அந்த ஒரு ஸ்பீக்கர்தான். நாலு குழாய் ஸ்பீக்கரோடு மைக்செட் ஆரம்பித்தேன். மூன்று குப்பத்துத் திருவிழாவுக்கு நான்தான் சத்தம். திருவொற்றியூர் ஹைரோட்டில் எட்டுக்கு ஆறு அடியில் கடை போட்டேன். மழைத் தண்ணி இரண்டு தடவை உள்ளே வந்து எல்லாவற்றையும் நனைத்தது. இரண்டு தடவையும் காயவைத்து மறுபடி திறந்தேன். போர்டு நானே எழுதியது. எழுத்து கொஞ்சம் கோணல், ஆனால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து படிக்கலாம். கடைசியாக, நாற்பது இயர்போன் ஒரே நேரத்தில் ஓடுகிற ஒரு அலமாரி செய்தேன். அப்படி ஒன்று வடசென்னையில் வேறு எவனிடமும் இருந்ததில்லை. இருந்தது என்கிறவன் வந்து காட்டட்டும்.

இதையெல்லாம் இப்போது ஏன் எடுக்கிறேன் என்றால், போன மாதம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் என் பக்கத்து இலை என் மச்சான். என் பொண்டாட்டியின் தம்பி. எதிர் இலையில் உட்கார்ந்திருந்த உறவுக்காரப் பிள்ளை ஒருத்தன் புதுசாக வாங்கின இயர்போனைப் பற்றிப் பேச்செடுத்தான். நூறு மணி நேரம் ஓடவிட்டால்தான் அதற்கு நிஜமான சத்தம் வருமாம், இன்டர்நெட்டில் போட்டிருக்கிறார்களாம், உண்மையா என்று கேட்டான். என் மச்சான் ரசத்தைக் கையில் வழித்துக்கொண்டே சொன்னான்: “அதெல்லாம் நாங்க அந்தக் காலத்துலயே டெஸ்ட் பண்ணி முடிச்சிட்டோம்ப்பா. நான்தான் கண்டுபிடிச்சேன். மாமா கடைலதான் செஞ்சோம்.”

மாமா கடையில் செஞ்சாங்களாம்! பாயசம் வருவதற்கு முன்னாடியே எழுந்து கை கழுவினேன். அன்றைக்கு வாயைத் திறந்தால் காது குத்துகிற இடத்தில் வேறு குத்து நடக்கும் என்று பேசாமல் வந்தேன். பேசாததை இங்கே எழுதுகிறேன்.

நான் சொன்னது என்ன, ஏன் சொன்னேன் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கோன் மாற்றின ஸ்பீக்கரைக் கையால் மெதுவாக அமுக்கிப் பார்த்தவனுக்குத் தெரியும். புதுசில் அது விறைப்பாக இருக்கும். கஞ்சி போட்ட வேட்டி மாதிரி. சத்தமும் அப்படித்தான், கட்டைச் சத்தம் வராது, கீச்சென்று மேலேயே நிற்கும். ஒரு திருவிழா, மூன்று நாள், காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடட்டும். நாலாம் நாள் அமுக்கினால் இளகியிருக்கும். அப்போது தவில் அடித்தால் வயிற்றில் கேட்கும். இதை எந்தப் புஸ்தகமும் எனக்குச் சொல்லவில்லை. என் விரல் சொன்னது. அதனால் கோன் மாற்றி வாங்கிப் போகிறவனிடம், “மூணு நாளு மெதுவா ஓட்டிப் பழக்கு, அப்பால ஏத்து” என்று சொல்லி அனுப்புவேன். பழக்கு என்பதுதான் என் வார்த்தை. மீன்பிடி லாஞ்சுக்குப் புது இன்ஜின் வைத்தாலும் அப்படித்தானே? முதல் ஓட்டத்திலேயே எவனும் முறுக்குவதில்லை.

தொண்ணூறுகள் முடிகிற சமயம் மைக்செட் தொழில் எனக்குக் கொஞ்சம் படுத்தது. எழுந்தது இயர்போன். முதலில் வாக்மேனுக்கு, அப்புறம் சட்டைப்பைக்குள் போகிற சின்ன எஃப்.எம். ரேடியோவுக்கு. என் கடைக்கு எதிரே கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் போக வரிசையில் நிற்கும். ஒரு நாள் நிற்கும், இரண்டு நாள் நிற்கும், சில வாரம் மூன்று நாள்கூட. அந்த டிரைவருக்கு வண்டியை விட்டு இறங்கவும் முடியாது, தூங்கவும் முடியாது. அவனுக்கு இருந்த ஒரே துணை காதில் சொருகுகிற அந்தக் கறுப்புக் குமிழ்தான். யானைக்கவுனியில் ஒரு மொத்த வியாபாரியிடம் கட்டுக் கட்டாக எடுத்து வந்து விற்றேன்.

ஸ்பீக்கருக்குச் சொன்னதையே இயர்போனுக்கும் சொன்னேன். அதுவும் ஸ்பீக்கர்தானே, ஸ்பீக்கர் போட்ட குட்டி. உள்ளே வெங்காயச் சருகு மாதிரி ஒரு தாள் இருக்கிறது. அது துடிக்கிறது. துடிக்கிறது எல்லாம் பழகும். ஆகவே, “வாங்கினவுடனே காதுல போட்டுக்காதே. ரெண்டு நாளு பழக்கிட்டுப் போடு” என்று எல்லோருக்கும் சொல்வேன். எப்படிப் பழக்குவது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பழக்கு என்றால் தமிழ் தெரிந்தவனுக்குப் புரியாதா என்று இருந்துவிட்டேன்.

புரிந்தது. வேறு விதமாகப் புரிந்தது.

மார்க்கெட்டில் மீன் விற்கிற அம்மா ஒருத்தி. புருஷன் லாஞ்சில் போகிறவர். அவர் என்னிடம் இயர்போன் வாங்கி வீட்டில் கொடுத்து, “பழக்கி வை, கரைக்கு வந்து எடுத்துக்குறேன்” என்று சொல்லிவிட்டுக் கடலுக்குப் போயிருக்கிறார். நாலாம் நாள் அந்த அம்மா கூடையை என் கடை வாசலில் பொத்தென்று வைத்தது.

“யோவ் சவுண்டு! இன்னாய்யா கருமாந்திரத்த குடுத்துகீற? நீ சொன்ன மேரியே பழக்குனேன். இப்ப மூச்சே உடமாட்டேங்குது!”

“இன்னாம்மா பண்ண?”

“இன்னா பண்ணுவாங்கோ? நல்லெண்ண தடவி, வெங்காயத்த பாதியா வெட்டி நல்லா தேச்சேன். பிளாஸ்டிக்காச்சே, உருகிப்பூடும்னு அடுப்புல வெக்கல. வெய்யில்ல வெச்சேன். ரெண்டு நாளு.”

கையில் கொடுத்தது. வழுக்கியது. என் கடை முழுக்கத் தாளிப்பு வாசனை. புது தோசைக்கல்லைப் பழக்குகிற மாதிரி இயர்போனைப் பழக்கியிருக்கிறது. நான் சிரித்தேன், அந்த அம்மா சிரிக்கவில்லை.

“சிரிக்காதய்யா. பழக்குன்னா அதான? நீ வேற எதுனா நெனச்சா வேற வார்த்த சொல்லுறது!”

அதில் நியாயம் இருந்தது. வேறு வார்த்தை என்னிடம் இல்லை. புதுசு ஒன்று எடுத்துக் கொடுத்து, “இனிமே நானே பழக்கித் தரேன்மா, நீ எண்ணெய்ய சட்டில ஊத்து” என்றேன். வாய் தவறிச் சொன்னதுதான். ஆனால் நான் சொன்னால் செய்கிறவன்.

அப்படித்தான் அலமாரி வந்தது. மிச்சமிருந்த பெட்டிப் பலகை, உள்ளே முட்டை அட்டை ஒட்டி, நாற்பது சாக்கெட் வரிசையாக வைத்த ஒரு கட்டை. எல்லாவற்றையும் ஒரே வயரில் மாட்டி முதல் ஆம்ப்ளிஃபயரைப் புகைய விட்டேன். அப்புறம் நாலு நாலாகச் சேர்த்து மாட்டினால் தாங்கும் என்று நானே பிடித்தேன். ஆரம்பத்தில் கேசட் போட்டேன். நாற்பது இயர்போனும் சேர்ந்து ஒரே பாட்டை முனகுவதைக் கேட்டால் அந்தப் பாட்டு எழுதினவனே அடிக்க வருவான். அதனால் ரேடியோவில் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தினேன். அந்த இரைச்சலில் கட்டையும் உண்டு, கீச்சும் உண்டு, எல்லாச் சத்தமும் கலந்து கிடக்கிறது. கதவைத் திறந்தால் எண்ணெயில் மீன் பொரிகிற மாதிரி சர்ரென்று கேட்கும். ஒவ்வொரு கட்டும் மூன்று நாள் உள்ளே. அப்புறம்தான் விற்பனைக்கு. போர்டில் பழைய வரிக்குக் கீழே சிவப்புப் பெயின்டில் எழுதினேன்:

பழக்கிய இயர்போன் கிடைக்கும்.

ஓடியது ஐயா! சும்மா சொல்லக்கூடாது, பறந்தது. தூத்துக்குடி லாரிக்காரன் வந்து “பழக்கினது குடு நைனா” என்று கேட்டான். பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறவர்கள் ரயில் ஏறி வந்து வாங்கினார்கள். “உன்னுதுல பாட்டு தனியா கீது நைனா” என்பார்கள். நான் தலையாட்டுவேன். தனியாகத்தான் இருந்தது. எனக்கும் அப்படித்தான் கேட்டது.

இப்போது மச்சான். பாலிடெக்னிக் படித்தவன். எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை, வண்டிகளுக்கு உள்ளே போகிற எலக்ட்ரானிக் பலகைகள் செய்கிற இடம். அங்கே குவாலிட்டி பார்க்கிறவன். ஞாயிறு ஆனால் அக்காவைப் பார்க்கிற சாக்கில் வந்து என் கடையில் உட்கார்ந்து குவாலிட்டி பார்ப்பான். போர்டைப் படித்தான். அலமாரியைத் திறந்தான். மூடினான்.

“மாமா, காத்தாடி நூலுக்கு மாஞ்சா போடுற மேரி இயர்போனுக்கு மாஞ்சா போடுறியா?”

“கேட்டுப் பாத்துட்டுப் பேசு மச்சான்.”

“இன்னாத்த கேக்குறது? இம்மாத்தூண்டு தாளு. அது முத நாளே எவ்ளோ இளகணுமோ அவ்ளோ இளகித்தான் கீது. பழகுறது இயர்போன் இல்ல மாமா. காது. புதுச் செருப்பு கடிக்குதேன்னு போட்டுக்கினே இருந்தா கடிக்காது. செருப்பு மாறிச்சா, காலு மாறிச்சா?”

“ரெண்டும்தான்.”

“இதுல காலு மட்டும்தான் மாமா. ஜனங்கள ஏமாத்துறியே!”

அந்தக் கடைசி வார்த்தை இருக்கிறதே, அதைக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு டிரைவர்கள் முன்னாடி சொன்னான். நான் யாருக்கும் மட்டமான சாமான் கொடுத்ததில்லை. என் கடையில் ஏமாற்று என்ற வார்த்தை அதுவரைக்கும் விழுந்ததில்லை. “நிரூபிடா” என்றேன்.

பந்தயம் போட்டோம். ஒரே கட்டில் வந்த இரண்டு இயர்போன். ஒன்று மூன்று நாள் அலமாரியில் இருந்தது, ஒன்று பிரிக்காத பாக்கெட். பத்துப் பேர் கேட்க வேண்டும். எது எது என்று கேட்கிறவனுக்கும் தெரியக்கூடாது, எங்கள் இரண்டு பேருக்கும் தெரியக்கூடாது. பத்துப் பேரில் எட்டுப் பேர் பழக்கினதைக் காட்டினால் மச்சான் போர்டுக்குக் கீழே நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏணி போட்டு ஏறி ‘பழக்கிய’ என்ற வார்த்தையை என் கையாலேயே அழிக்க வேண்டும்.

அழித்தால் என்ன போயிற்று, இயர்போன் கிடைக்கும் என்று விற்கவேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். ரோடு முழுக்க இயர்போன் கிடைக்கிறது. பழக்கினது என்னிடம் மட்டும்தான். அந்த வார்த்தை போனால் நான் நூற்றில் ஒருத்தன். அதுவும் ஏமாற்றின ஒருத்தன்.

அடுத்த ஞாயிறு, காலை பத்து மணி. மார்க்கெட் கூட்டம் கலைகிற நேரம். வாசலில் ஸ்டூல் போட்டோம். என் பொண்டாட்டி மேசைக்குப் பின்னால். அவளுக்கு மட்டும்தான் எது எது என்று தெரியும். அலமாரியில் இருந்ததன் வயர் அடியில் சிவப்பு நூல் முடிந்து, இரண்டின் மேலேயும் துண்டைப் போட்டு மூடியிருந்தாள். அவளை எனக்காகப் பொய் சொல்லச் சொல்ல முடியாது. தம்பிக்காகவும் சொல்ல மாட்டாள். அப்பேர்ப்பட்ட நீதிபதி.

ஒவ்வொருத்தராக உட்கார்ந்தார்கள். நாலு டிரைவர், ஒரு கிளீனர், டீக்கடைக்காரர், தபால்காரர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், எதிர் சைக்கிள் கடைக்காரர், அப்புறம் நம்ம மீன்கார அம்மா. வாக்மேனில் ஒரே பாட்டு, ஒரே அளவு சத்தம். முதலில் ஒன்று, அப்புறம் இன்னொன்று. கேட்டவர் என் பொண்டாட்டியின் காதில் சொல்ல வேண்டும். அவள் காலண்டர் தாளின் பின்னால் கோடு போட்டாள்.

ஒரு டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் மூன்று தடவை கேட்டான். “இன்னாபா, பொண்ணு பாக்க வந்தியா?” என்றார் டீக்கடைக்காரர். “சும்மா இரு மாமு, இவரு வூட்டு மானம் எங்காதுல கீது” என்றான் அவன். அவனுக்கு இன்றைக்கும் நான் கடமைப்பட்டவன்.

பத்தும் முடிந்தது. என் பொண்டாட்டி தாளைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

“இன்னா?” என்றேன்.

“பழக்கினது அஞ்சு. புதுசு அஞ்சு.”

மச்சான் கையைத் தட்டினான். ஆனால் அவள் இன்னும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இருங்கடா. இன்னொண்ணு கீது. ஒருத்தருக்கு மொதல்ல பழக்கினத குடுத்தா, அடுத்தவருக்கு மொதல்ல புதுச குடுத்தேன், மாத்தி மாத்தி. எது குடுத்தாலும் பத்துப் பேருல எட்டுப் பேரு ரெண்டாவதா கேட்டதத்தான் நல்லாகீதுங்குறாங்க.”

“அதான் அக்கா நான் சொன்னது!” என்று மச்சான் குதித்தான். “மொத பாட்டுல காது பழகிடுது. ரெண்டாவது எத போட்டாலும் தேனு. காதுதான் மாமா! காது!”

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். “எனக்கும் குடு” என்றேன். முப்பது வருஷம் ஸ்பீக்கரோடு வாழ்ந்த காது இது. கூட்டத்தில் எவன் மைக்கை மூடிப் பிடித்தான் என்று திரும்பிப் பார்க்காமல் சொல்கிற காது. அவள் ஒன்று கொடுத்தாள், கேட்டேன். இன்னொன்று கொடுத்தாள், கேட்டேன். துளி சந்தேகம் இல்லை. “இதான் பழக்கினது” என்று இரண்டாவதைத் தூக்கிப் பிடித்தேன்.

அவள் துண்டை எடுத்தாள். சிவப்பு நூல் மற்றதில் இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். தபால்காரர் காய்கறிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார், ஆனால் போகவில்லை. மச்சான் முன்யோசனையாகக் கெரசினும் துணியும் கொண்டுவந்திருந்தான். ஏணியையும் அவனே எடுத்து வைத்தான். நான் ஏறினேன். வாக்கு கொடுத்தவன் ஏறத்தான் வேண்டும். துணியை நனைத்து ‘ப’ மேல் வைக்கப் போகிறேன், கீழே இருந்து ஒரு கத்தல்.

“எறங்குய்யா சவுண்டு!”

மீன்கார அம்மா ஏணியைப் பிடித்து உலுக்கியது.

“இன்னாத்துக்கு அழிக்குற? எங்கூட்டுக்காரரு வேற கடைல மூணு வாங்குனாரு. ஒண்ணு அன்னிக்கே ஒத்தக் காது. ஒண்ணு கொரகொரன்னுது. இன்னொண்ணு ரெண்டா நாளு மூச்சு நின்னுச்சு. இவன் பழக்கிக் குடுத்தது, ஒரு வருசமாவுது, உப்புத் தண்ணில, காத்துல, இன்னமும் பேசுது. அதுக்கு இன்னா சொல்ற தம்பி, நீ படிச்சவனாச்சே?”

மச்சான் வாயைத் திறந்தான். அதற்குள் எனக்கு ஏணி மேலேயே வெளிச்சம் வந்தது. இறங்கிக் கடைக்குள் போனேன். அலமாரிக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின் இருந்தது. மூன்று நாள் ஓடுகிறபோது அலமாரிக்குள்ளேயே செத்துப்போகிற இயர்போன்களை அதில்தான் போட்டு வைப்பேன், யானைக்கவுனி வியாபாரியிடம் மாற்ற. ஒவ்வொரு கட்டிலும் இரண்டு மூன்று விழும். பழகத் தெரியாத கழுதை என்று திட்டித் தூக்கிப் போடுவேனே தவிர, அதைப் பற்றி அதுவரை நான் யோசித்ததே இல்லை. டின்னைக் கொண்டுவந்து மேசை மேல் கவிழ்த்தேன். கறுப்பு வயரும் குமிழுமாக இறால் குவியல் மாதிரி விழுந்தது.

“இதுல எது நல்லா பாடுதுன்னு சொல்லு மச்சான்.”

“இன்னா மாமா இது?”

“என் அலமாரில செத்தது. பழக்காம வித்திருந்தா இதெல்லாம் எங்க செத்திருக்கும்? வரிசையில நிக்குறானே, அவன் காதுல. நடுக்கடல்ல. நான் பொணத்த வடிகட்டிட்டு உசுரோட கீறத மட்டும் விக்குறேன். இது ஏமாத்தா?”

மச்சான் குவியலில் ஒன்றை எடுத்தான். திருப்பிப் பார்த்தான். இன்னொன்று எடுத்தான். எடை போடுகிறவன் மாதிரி கொஞ்ச நேரம் வைத்திருந்தான். அவன் கெட்டவன் இல்லை, அதையும் சொல்ல வேண்டும்.

“இத்த நாங்களும் செய்வோம் மாமா,” என்றான் மெதுவாக. “கம்பெனில. பலகைய அனுப்புறதுக்கு முன்னாடி சூட்டுல வெச்சு ஓட உடுவோம். சாவறது அங்கியே சாவட்டும்னு. மொத கொஞ்ச நேரம் தாண்டிச்சுன்னா அப்பறம் ரொம்ப நாளு ஓடும்.”

“அதுக்கு இன்னா பேரு?”

“பர்ன்-இன்.”

“பர்ன்னா?”

“எரியுறது.”

“கல்லும் எரிஞ்சாத்தான்டா பழகும்” என்றாள் என் பொண்டாட்டி, துண்டை மடித்துக்கொண்டே.

டிரைவர்கள் சிரித்தார்கள். நானும். மச்சான் மட்டும் விடவில்லை. விடாததுதான் அவன் குணம், அவன் அக்காவுக்கும் அதே குணம். “சரி மாமா, பொணத்த வடிகட்டுற. ஒத்துக்கிறேன். ஆனா ‘பழக்கிய’ன்னு போட்டா, சத்தம் தேவலாம் ஆயிடும்னு ஜனம் நெனைக்குது. அது பொய்யி. நீயே இப்ப பாத்த.”

பார்த்தேன். என் காதால் பார்த்தேன். ஸ்பீக்கர் பழகும் என்று என் விரல் சொன்னது நிஜம், அதை எவன் வந்தாலும் விட மாட்டேன். அந்தக் கை நிறைகிற கோனுக்கு உள்ளதை இந்தச் சருகுக்கும் நான் தூக்கிக் கொடுத்தது தப்பு. தப்பை ஒத்துக்கொள்ள எனக்கு டிப்ளமோ தேவையில்லை. ஆனால் வார்த்தையை அழிக்க மாட்டேன் என்று நின்றேன். அவனும் நின்றான். நடுவில் என் பொண்டாட்டி சொன்னாள்: “பாத்துத்தான குடுக்குற? பாத்துக் குடுக்குறேன்னு போடேன்.”

அவ்வளவுதான். மறுபடி ஏறினேன். ‘பழக்கிய’ என்பதில் ‘ய’ ஒன்றை மட்டும் துடைத்தேன். அதற்கு மேலே இருந்த இடத்தில் சின்னதாக ‘பார்த்த’ என்று எழுதினேன். கீழே இறங்கி நிமிர்ந்து பார்த்தால், துடைத்த இடம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது.

“மாமா, நடுவுல ஒரு ‘ப்’ வரும்” என்றான் மச்சான்.

“வராது.”

“வரும் சார்” என்றார் தபால்காரர். அவர் சொன்னால் சரி, எழுத்து அவர் தொழில். அந்தப் பல்லுப் போன இடத்தில் ‘ப்’ போட்டேன். சரியாக உட்கார்ந்தது. பழக்கிப் பார்த்த இயர்போன் கிடைக்கும்.

அன்றிலிருந்து வாங்க வருகிறவனிடம் சத்தம் மாறும் என்று நான் சொன்னதில்லை. “ரெண்டு நாளு கேளு, ஒங்காது பழகிக்கும். சாவாது, அதுக்கு நான் பொறுப்பு” என்பேன். விற்பனை குறையவில்லை. கூடியது. எழுதிக்கொள்ளுங்கள்.

யானைக்கவுனி வியாபாரிக்குச் சந்தேகம் வந்தது அதற்குப் பிறகு. செத்த சாமானை எல்லோரும் விற்ற பிறகு கொண்டுவருகிறார்கள், நீ மட்டும் எப்படி விற்பதற்கு முன்னாடியே கொண்டுவருகிறாய் என்று கேட்டான். சொன்னேன். ஒளிக்க எனக்குத் தெரியாது. கடைக்கே வந்து பார்த்தான். டீ வாங்கிக் கொடுத்தேன். அலமாரியை விரலை விரித்துச் சாண் கணக்கில் அளந்தான், நான் ஆசையாகப் பார்க்கிறான் என்று நினைத்தேன். கொஞ்ச மாதத்தில் அவன் விற்கிற பாக்கெட்டு எல்லாவற்றிலும் மஞ்சள் ஸ்டிக்கர்: ‘பழக்கிப் பார்த்தது’. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. போய்க் கேட்டதற்கு, “வார்த்தை எல்லோருக்கும் பொதுதானே அண்ணாச்சி” என்றான். தோசைக்கல் பொது. பழக்குகிறது பொது. இயர்போனைப் பழக்கிப் பார்க்கிறது பொது இல்லை. அதற்கு எண்ணெய் வழிந்த ஒரு இயர்போனும், புகைந்த ஒரு ஆம்ப்ளிஃபயரும், பத்துப் பேர் முன்னாடி தோற்ற ஒரு காதும் செலவாகியிருக்கிறது. அத்தனையும் என்னுடையது.

அந்த அலமாரி இன்னும் என் கடையில் நிற்கிறது. போர்டும் இருக்கிறது. சிவப்பு வெளுத்திருக்கிறது, படிக்கலாம்.

ஆகவே, காதுகுத்துப் பந்தியில் கண்டுபிடித்தவனே, என் மச்சானே, கேள். இயர்போன் ஓடி ஓடி இனிக்காது என்று நிரூபித்தது நீ. மறுக்கவில்லை. ஆனால் அதை நிரூபிக்க ஒரு அலமாரி வேண்டியிருந்தது, அதைக் கட்டினவன் நான். ஓடவிட்டுத்தான் விற்க வேண்டும் என்று இந்த ரோட்டில் முதலில் ஓடவிட்டவன் நான். உன் கம்பெனி அதை எந்தப் பேரில் செய்ததென்று எனக்கு அப்போது தெரியாது, உனக்குத் தெரிந்தும் நீ சொல்லவில்லை, டின் கவிழ்கிற வரைக்கும்.

பாகம் பிரித்துவிடுவோம். ‘பார்த்த’ உன் அக்காவுடையது. ‘ப்’ உன்னுடையது, எடுத்துக்கொள், சட்டம் போட்டு வீட்டில் மாட்டு. ‘பழக்கி’ என்னுடையது. அடுத்த விசேஷத்தில், அதே உறவுக்காரப் பிள்ளை எதிர் இலையில் இருக்கும்போது, இதை இப்படியே உன் வாயால் சொல்ல வேண்டும். யானைக்கவுனிக்காரனும் அந்த மஞ்சள் ஸ்டிக்கரில் ஒரு வரி சேர்க்க வேண்டும். என் பேர்கூட வேண்டாம். ‘திருவொற்றியூர்க்காரன் பழக்கியது’ என்று போடட்டும். ‘ய’வோடு போடட்டும். இயர்போன் பழகவில்லை, அவனைப் பழக்கினவன் நான்தான்; அந்த இடத்தில் அது பொய்யில்லை.